இரண்டு மணிக்குத் தூக்கிய பாதம்

யாகொதா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து எங்கள் நிஷ் நகரத்தில் யாரும் பார்த்ததில்லை. விளிம்பில்தான் உட்காருவார். காப்பி ஆறுவதற்குள் எழுந்துவிடுவார். பேருந்துக்காக நிறுத்தத்தில் நிற்கப் பொறுமை கிடையாது. அடுத்த நிறுத்தம்வரை நடப்பார், அதற்குள் பேருந்து அவரைத் தாண்டிப் போய்விடும், சரியென்று அதற்கடுத்த நிறுத்தத்துக்கு நடப்பார். கணவர் உயிரோடு இருந்த காலத்தில், "பொண்டாட்டி பக்கத்துல உக்காந்ததே இல்லைய்யா நான். பொண்டாட்டி பின்னாடி நடந்தே வயசாயிடுச்சு" என்பார்.

வேலை, எலும்பு ஆபரேஷன் அறையில். சர்ஜன் கேட்கும் கருவியைக் கையில் எடுத்துக் கொடுக்கும் நர்ஸ். வாரத்துக்கு ஏழெட்டு முட்டிகள். தேய்ந்துபோன முட்டியின் முனைகளைச் சீவிவிட்டு உலோக முட்டியைப் பொருத்தும் வேலை அது. தச்சுப் பட்டறையும் சமையலறையும் சேர்ந்தது மாதிரி இருக்கும் அந்த அறை. ரம்பம், சுத்தியல், ஈரத்துணி, வாளி.

கருவி கொடுப்பது தவிர, யாரும் சொல்லாத இரண்டு வேலைகளை அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ரத்தம் கொட்டாமலிருக்கத் தொடையில் ஒரு பட்டையைக் கட்டிக் காற்றடித்து இறுக்குவார்கள். இறுக்கிய நிமிடத்திலிருந்து பத்து பத்தாகச் சத்தமாக நேரம் சொல்வார். "பத்து." "இருபது." "முப்பது." அதற்கென்று மெஷின் இருக்கிறது, அதுவே கூவும். கேட்டால், "மெஷினை ஒரு விரலால அமுக்கி வாயடைச்சிடலாம். என்னை அமுக்கிப் பாக்கச் சொல்லுங்க" என்பார்.

இரண்டாவது வேலை ஆபரேஷன் முடிந்த பிறகு. தன் அறையில் கருவிகளைக் கழுவக் கொடுத்துவிட்டு மேல்மாடி வார்டுக்கு ஏறுவார். நோயாளியின் பாதத்துக்கு மேல், விரல்களைத் தொட்டும் தொடாமலும் தன் உள்ளங்கையை வைப்பார். "என் கையை மேல தள்ளுங்க." முதுகில் போட்ட ஊசியின் மரப்பு விலகாவிட்டால் தள்ள முடியாது. அரைமணியில் மறுபடி வருவார். பாதம் எழும்பிக் கையில் முட்டும்வரை வந்துகொண்டே இருப்பார். முட்டிவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். வார்டில் அவருக்கு 'கையைத் தள்ளு' என்றுதான் பெயர்.

காரணம் அவர் தெருவிலேயே இருந்தது. பெயர் சேதோமிர். தரைக்கு ஓடு பதிக்கும் தொழிலாளி.

முட்டிக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே விரலால் தடவினால் ஒரு சிறு எலும்பு முண்டு தட்டுப்படும். அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு இறங்குகிறது. மேலே தோலைத் தவிர அதற்குப் பெரிய பாதுகாப்பு இல்லை. பாதத்தையும் பெருவிரலையும் மேலே தூக்க வைப்பது அந்த நரம்பு. அது நசுங்கினாலும் இழுபட்டாலும் பெரிய வலி இருக்காது. பாதம் மட்டும் தொங்கிவிடும். நடக்கும்போது முன்பாதம் தரையில் அறைந்துகொண்டு விழும்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், யாகொதா அந்த அறைக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தபோது, சேதோமிரின் முட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. சர்ஜன் வயதானவர், கோபக்காரர். தொடைப் பட்டை இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் நரம்பைக் கெடுக்கும். அன்று இரண்டு மணி ஐந்து நிமிடம் அவிழாமல் இருந்தது. யாகொதா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாய் திறக்கவில்லை. பிறகு இரண்டு நாள் யாரும் சேதோமிரைப் பாதத்தைத் தூக்கச் சொல்லவில்லை. ஊசியின் மரப்பு என்று அவரும் நினைத்தார், வார்டும் நினைத்தது. பட்டையால் வந்ததா, இழுவையால் வந்ததா, இறுக்கிய கட்டால் வந்ததா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியவில்லை. பாதத்துக்கு அசைவு திரும்பவில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு அவர் ரொட்டிக் கடைக்குப் போகும் சத்தம் யாகொதாவின் சன்னலுக்குக் கீழே கேட்கும். ஒரு கால் ஓசையில்லாமல், மறு கால் தப்பென்று. ஒரு தடவை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "தெருநாய்ங்களுக்கு நான் வர்றது முன்னாலயே தெரிஞ்சிடும், சிஸ்டர். திருட்டுத் தொழில்தான் பண்ண முடியாது."

யாகொதாவால் சிரிக்க முடியவில்லை.

அந்த அக்டோபரில் பெர்சிடா வந்தார். அறுபத்தேழு வயது. முப்பத்தாறு வருடம் நடந்தே கடிதம் கொடுத்த தபால்காரி. வலது முட்டி உள்பக்கமாக வளைந்து இடது முட்டியோடு மோதிக்கொண்டிருந்தது. நாலு வருடமாக முழுதாக நீளவும் இல்லை. வீடு நாலாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. எழுபத்திரண்டு படி. கணவர் போன பிறகு அவரும் கணவரின் தங்கை கொசாராவும் அங்கே இருக்கிறார்கள்.

சர்ஜன் ஆர்சிச் ஒளிக்காமல் பேசுகிறவர். முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க கால்ல வெளிப்பக்கம் எல்லாம் சுருங்கிப் போயிருக்கு. நரம்பும் அந்த நீளத்துக்குப் பழகிடுச்சு. நான் காலை நேராக்கினா அது இழுபடும். மத்த முட்டியவிட உங்க முட்டியிலதான் இந்த ஆபத்து ஜாஸ்தி" என்றார்.

"அப்ப மெதுவா நேராக்குங்க" என்றார் பெர்சிடா. "முப்பத்தாறு வருஷத்துல ஒரு கடுதாசியைக்கூட நான் மடக்கினதில்ல."

"நான் சொல்றது விளங்குதா?"

"விளங்காம என்ன. வலிச்சாக்கூட நான் படி ஏறிடுவேன், டாக்டர். பாதம் தொங்கினா ஒவ்வொரு படியிலயும் தடுக்கும். அப்புறம் நாலாவது மாடியிலயே குந்தியிருக்க வேண்டியதுதான், பெட்டியில வச்சு இறக்கற வரைக்கும்."

மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த யாகொதா அந்த வாரம் முழுவதும் எழுபத்திரண்டு என்ற எண்ணைச் சுமந்து திரிந்தார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பட்டை இறுக்கப்பட்டது. முட்டி திறந்தது. வெளிப்பக்கச் சதையை ஒதுக்கிப் பிடிக்க ஆர்சிச் நெம்புகோல் கேட்டுக் கையை நீட்டினார். யாகொதா குட்டையான, நரம்புவரை எட்டாத, முனை மழுங்கிய ஒன்றை வைத்தார்.

"நீளமானதக் கேட்டேன்."

"நீளமானது இன்னிக்கு லீவு, டாக்டர்."

ஆர்சிச் முகமூடிக்குள் மூச்சு விட்டார். குட்டையானதையே வாங்கிக்கொண்டார். வெளிப்பக்கம் சுருங்கியிருந்த தசைநார்களை ஒரேயடியாக வெட்டாமல் கத்திமுனையால் சிறு சிறு கீறல்களாகத் தளர்த்தினார். ஒவ்வொரு கீறலுக்கும் பிறகு காலை நீட்டிப் பார்த்து, நரம்பு இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். கம்பி மாதிரி விறைத்தால் நிறுத்தினார். தளர்ந்தால் தொடர்ந்தார்.

"அறுபது" என்றார் யாகொதா.

"காது இருக்கு."

"அறுபத்தஞ்சு."

"பத்துக்குப் பத்துதானே சொல்லுவீங்க?"

"இது பெர்சிடா அக்கா முட்டி."

எழுபத்து நாலாவது நிமிடம் தொடைப் பட்டை அவிழ்ந்தது. ஆர்சிச் வார்டுக்கு மூன்று உத்தரவு எழுதினார். கட்டு தளர்வாக இருக்கவேண்டும். முட்டியை நாளைவரை நீட்டக்கூடாது. கீழே தலையணை வைத்து மடித்தபடியே, நரம்பு தொய்வாக இருக்கட்டும். மரப்பு விலகியதிலிருந்து மணிக்கொரு தரம் பாதத்தைப் பார்க்கவேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு யாகொதா உள்ளங்கையை வைத்தார். ஒன்றுமில்லை. பன்னிரண்டரைக்கு இடது பாதம் தள்ளியது, வலது இல்லை. ஒரு மணிக்குப் பெர்சிடா, "சிஸ்டர், நீங்க இப்பிடிப் போயிட்டுப் போயிட்டு வந்தா எனக்கு நடந்த மாதிரி கால் வலிக்குது" என்றார். இரண்டு மணிக்கு வலது பாதம் மெல்ல எழும்பி யாகொதாவின் உள்ளங்கையில் முட்டியது. பெருவிரலும் சேர்ந்தே வந்தது.

யாகொதா பேசாமல் போய்விடவில்லை. கட்டின் மேலிருந்த பிளாஸ்திரியில் பேனாவால் எழுதினார்: 2.00, தூக்கினார்.

மூன்று மணிக்குப் பணி முடிந்து வீட்டுக்குப் போனார். அது மிளகாய் மாதம். எங்கள் ஊரில் அக்டோபரில் எல்லா முற்றத்திலும் சிவப்பு மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, குளிர்காலத்துக்கு விழுதாகக் கிளறிப் போத்தலில் அடைப்பார்கள். தெருவெல்லாம் ஒரே கரிந்த வாசனை. யாகொதாவின் அடுப்படியில் இரண்டு மூட்டை காத்திருந்தது. பத்து மிளகாய் சுட்டார். கையைத் துடைத்தார். இன்னும் ஐந்து சுட்டார். பாதம் தூக்கியாயிற்று, இனி என்ன என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஐந்தரைக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

மாலைப் பணியில் இருந்த நர்ஸ் ரூசா நிமிர்ந்து பார்த்தார். "என்ன மறந்தீங்க?"

"கண்ணாடி."

"தலைமேல இருக்கு."

"இது வேற கண்ணாடி. பெர்சிடா பாதம் எப்படி?"

"நாலு மணிக்கு நல்லாருந்துச்சு. அஞ்சு மணிக்குப் போனேன், மரத்த மாதிரி இருக்குன்னாங்க. ஊசி இன்னும் முழுசா இறங்கல போல."

யாகொதா அதற்குள் அறைக்குள் இருந்தார். பெர்சிடா கழுத்துவரை போர்வை போர்த்தி, தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுத்திருந்தார். யாகொதா கால்மாட்டில் போர்வையை ஒதுக்கிப் பாதத்துக்கு மேல் கையை வைத்தார்.

"தள்ளுங்க."

பெர்சிடாவின் முகம் சுருங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. பாதம் கிடந்தபடியே கிடந்தது.

"தள்ளிட்டுத்தான் இருக்கேன்."

"பெருவிரல் மட்டும்."

"சிஸ்டர், அது என் விரல் மாதிரியே இல்ல."

பின்னால் வந்து நின்ற ரூசா, "ஊசிதான்..." என்று ஆரம்பித்தார்.

"ரெண்டு மணிக்குத் தூக்கினாங்க. நாலு மணிக்கு நீயே பாத்திருக்க. இறங்கின ஊசி திரும்ப ஏறாது, ரூசா." யாகொதா கைபேசியை எடுத்து ஆர்சிச்சை அழைத்தார். மத்தியானம் வந்த பாதம் இப்போது போய்விட்டது என்று ஒரே வாக்கியத்தில் சொன்னார்.

ஆர்சிச் கேட்டது ஒன்றுதான். "முட்டி மடிஞ்சிருக்கா?"

யாகொதா அப்போதுதான் பார்த்தார். தலைக்கு ஏன் இரண்டு தலையணை? போர்வையை முழுதாக இழுத்தார்.

முதலில் வந்தது வாசனை. நசுக்கிய முட்டைக்கோஸும் பிளம் சாராயமும். வலது கால் குச்சி மாதிரி நேராக நீண்டு கிடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டுக்கு மேலே முட்டைக்கோஸ் இலைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. அதற்கு மேல் ஒரு கிரேப் பேண்டேஜ், தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை இழுத்து இழுத்துச் சுற்றியது. அதற்கும் மேல் ஒரு கம்பளிச் சால்வை, வெளிப்பக்கம், சரியாக அந்த எலும்பு முண்டின் மேல், முஷ்டி அளவுக்கு முடிச்சுப் போட்டிருந்தது.

"இலை" என்றார் யாகொதா தொலைபேசியில்.

"என்ன இலை?"

"கோஸ் இலை, டாக்டர். மேல இறுக்கிக் கட்டு. காலை நீட்டி வச்சிருக்காங்க."

"அவுத்து மடிச்சு வைங்க. கிளம்பிட்டேன்."

யாகொதாவின் கை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது. முடிச்சு அவிழாததால் கத்தரிக்கோலை எடுத்தார். சால்வை போயிற்று, பேண்டேஜ் போயிற்று, இலைகள் சொதசொதவென்று வாளியில் விழுந்தன. தோலில் முடிச்சின் பள்ளம் பதிந்திருந்தது. முட்டிக்குக் கீழே கையைக் கொடுத்து மெல்ல மடித்தார். ரூசா தலையணையைச் செருகினார்.

"யார் கட்டினது?" என்றார் யாகொதா.

பெர்சிடா சன்னலைப் பார்த்தார். "காத்து வந்துச்சு."

"காத்தா கட்டிச்சு?"

"கதவு தெறந்திருந்துச்சு, சன்னலும் தெறந்திருந்துச்சு. நடுவுல என் முட்டி. காத்து ஊடால பூந்தா எலும்புல தங்கிடும்ல? வீக்கத்துக்கு இலை. காத்துக்குச் சால்வை." கொஞ்சம் நிறுத்தி, "தப்பு கொசாரா மேல இல்ல. நான்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன்" என்றார்.

எங்கள் ஊரில் முட்டி வீங்கினால் கோஸ் இலையைப் போத்தலால் உருட்டி நசுக்கிக் கட்டாத வீடு இல்லை. இரண்டு சன்னலைச் சேர்ந்தாற்போல் திறந்துவைக்கும் ஆள் கொலைகாரர். ஆகவே கொசாரா செய்தது எதிலும் அவருக்குத் தவறு தெரிந்திருக்க வழியில்லை. பார்வையாளர் நேரம் முடிந்தும் அவர் போகவில்லை. தாழ்வாரத்தில் துணி அலமாரிக்குப் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரூசா கூட்டிவந்தார்.

"அண்ணிக்கு என்ன ஆச்சு?"

"தலையணைய எதுக்கு எடுத்தீங்க?" என்றார் யாகொதா.

"மடிஞ்ச கால்ல இலை நிக்கல, சிஸ்டர். வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. நீட்டினா அழகா உக்காந்துச்சு."

"வலிக்குதுன்னு சொல்லலையா அவங்க?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னாங்க. அப்ப இலை வேலை செய்யுதுன்னு இன்னும் ஒரு சுத்து இறுக்கினேன்."

யாகொதா எதுவோ சொல்ல வாயெடுத்தார். கொசாராவின் கைகள் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன. யாகொதா இலை வாளியை எடுத்து வெளியே வைத்தார்.

இருபத்தைந்து நிமிடத்தில் ஆர்சிச் வந்தார். விரல்களெல்லாம் கரி, அவர் வீட்டிலும் மிளகாய். முழங்கைவரை கழுவிவிட்டு வந்து கட்டைப் பிரித்தார். உள்ளே தையல் உலர்ந்திருந்தது, வீக்கம் அளவோடு இருந்தது, பாதத்தில் நாடி துடித்தது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஊசிமுனையால் தொட்டார்.

"தெரியுதா?"

"எதைத் தொட்டீங்க?" என்றார் பெர்சிடா.

ஆர்சிச் புதிதாகத் தளர்வாகக் கட்டினார். "உள்ள ரத்தம் கட்டியிருந்தா இப்பவே திறந்திருப்பேன். அப்படி இல்ல. காலைல ஆபரேஷன்ல அறுந்திருந்தா ரெண்டு மணிக்குத் தூக்கியிருக்கவே மாட்டீங்க. நசுங்கி, இழுபட்டிருக்கு. ஒன்னரை மணி நேரமாவது அந்தக் கட்டு இருந்திருக்கும். இனிமே நாம பண்ண ஒண்ணும் இல்ல. காத்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"நாளைக்கே வரலாம். மூணு மாசம் ஆகலாம்." அவர் ஒளிக்கவில்லை. "வராமலும் போகலாம்."

கொசாரா அழ ஆரம்பித்தார். பெர்சிடாதான் பேசினார். "அழாத. எழுபத்திரண்டு படி. நீ என்னை முதுகுல தூக்கிட்டுப் போ. உனக்கு அதுதான் தண்டனை."

வெளியே தாழ்வாரத்தில் ஆர்சிச் யாகொதாவிடம், "நீங்க வராம இருந்திருந்தா காலைல வரைக்கும் அந்த முடிச்சு அங்கதான் இருந்திருக்கும்" என்றார்.

"மூணு மணிக்கு வீட்டுக்குப் போகாம இருந்திருந்தா முடிச்சே விழுந்திருக்காது" என்றார் யாகொதா, நடந்துகொண்டே.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சன்னலுக்குக் கீழே சேதோமிர் போனார். தப். தப். யாகொதா ஏற்கனவே கோட்டு போட்டிருந்தார்.

ஆறரைக்கு வார்டில் கை வைத்தார். பாதம் அசையவில்லை. எட்டு மணிக்கு வேறொரு முட்டி, ஒரு டாக்சிக்காரருடையது. "பத்து", "இருபது" என்று சொன்ன குரலைக் கேட்டு ஆர்சிச் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கருவித் தட்டில் எதையும் தவறவிடவில்லை. கால் மட்டும் நிற்பதற்குப் போட்ட சிறு மரப்படியின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு மேல்மாடி வார்டுக்கு ஓடினார். ஒன்றுமில்லை. இடைவெளியில் தாழ்வாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். பதினோரு மணிக்குப் போனபோது கொசாரா கட்டிலின் கால்மாட்டில் நாற்காலி போட்டு, பெருவிரலுக்கு ஒரு முழம் தள்ளி முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அசைஞ்சுச்சு" என்றார்.

"காலைலேந்து ஆறு தடவை அசைஞ்சிடுச்சு இவளுக்கு" என்றார் பெர்சிடா. "ரெண்டு தடவை ஈ. ஒரு தடவை நான் இருமினேன்."

யாகொதா பார்த்தார். அசையவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு மறுபடி வந்தார். "இப்ப நெசமா அசைஞ்சுச்சு" என்றார் கொசாரா, கண்ணை எடுக்காமல். "ஏழாவது தடவை" என்றார் பெர்சிடா. யாகொதா உள்ளங்கையை முழுதாக வைக்காமல், ஆள்காட்டி விரலை மட்டும் பெருவிரல் நகத்தின் மேல் வைத்தார்.

"தள்ளுங்க, அக்கா."

"சிஸ்டர், நேத்துலேந்து..."

"தள்ளுங்க."

பெர்சிடா கண்ணை மூடிக்கொண்டார். முகம் சிவந்தது. யாகொதாவின் விரலுக்குக் கீழே ஏதோ இருந்தது. பென்சில் ஒன்றை யாரோ அடுத்த அறையிலிருந்து உருட்டிவிட்ட அளவுக்கு. விட்டது. மறுபடி வந்தது. இந்த முறை நகம் விரலை ஒரு மயிரிழை மேலே தூக்கி, ஒரு மூச்சு நேரம் பிடித்துக்கொண்டு, பிறகு இறக்கியது.

"எட்டாவது தடவை சொல்லட்டுமா?" என்றார் கொசாரா.

யாகொதா பிளாஸ்திரியைத் தேடினார். பழைய கட்டோடு அது போய்விட்டிருந்தது. புதிதாக ஒரு துண்டு கிழித்து ஒட்டி, 12.10, பெருவிரல், என்று எழுதினார். தலையணை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இருந்தது. "இதைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்று கொசாராவிடம் சொன்னார்.

"சத்தியமா தொடமாட்டேன். ஆனா அந்தச் சன்னல..."

"சன்னலை நீங்க எப்ப வேணும்னாலும் சாத்திக்கலாம்."

கொசாரா எழுந்துபோய்ச் சாத்தினார். பிறகு கதவையும் சாத்தினார்.

பெருவிரல் அன்று மாலைக்குள் தடுமாறாமல் எழும்பியது. பாதம் அவ்வளவு எளிதில் வரவில்லை. மூன்றாவது வாரம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தூக்க முடிந்தது. நடக்கும்போது இன்னும் தொங்கியது, கணுக்காலில் ஒரு பிளாஸ்டிக் தாங்கி போட்டிருந்தார்கள். பெர்சிடா வீட்டுக்குப் போகாமல் தரைத்தளத்தில் இருந்த ஒரு பழைய சக தபால்காரியின் வீட்டில் தங்கினார். யாகொதா வேலை முடிந்து அந்தப் பக்கமாக நடந்தே போவார். உட்காரமாட்டார். கையை வைப்பார், தள்ளச் சொல்வார், போவார்.

எட்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை பெர்சிடா படி ஏறினார். தாங்கி கொசாராவின் பையில் இருந்தது. கொசாரா முன்னால் ஏறி ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சன்னலைச் சாத்திக்கொண்டே போனார். யாகொதா பின்னால். அவர் படிகளை எண்ணவில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். குதிகால் முதலில், பிறகு முன்பாதம். குதிகால், முன்பாதம். நாற்பதாவது படியைத் தாண்டியதும் ஒரே ஒரு தடவை முன்பாதம் தப்பென்று விழுந்தது. யாகொதாவின் கை தானாகக் கைப்பிடியை இறுக்கியது.

"களைச்சுப் போச்சு. வேற ஒண்ணும் இல்ல" என்றார் பெர்சிடா திரும்பாமல். ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஏறினார். குதிகால், முன்பாதம்.

மேலே காப்பி வைத்தார்கள். யாகொதா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து பாதிக் கோப்பை குடித்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன்" என்றார் பெர்சிடா.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு ஒரு முட்டி இருக்கு. உள்பக்கம் வளைஞ்சது."

"இன்னிக்கு சனிக்கிழமை."

"தெரியும்" என்று யாகொதா எழுந்தார்.